இடைவெளியும் ஓர் உதிரிபாகமே

1903 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் டேட்டன் நகரில், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் ஓர் எஞ்சின் முதன்முதலாக ஓடியது. கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் செய்துமுடித்தது அது. மறுநாளே உடைந்தும் போனது. சொட்டிய பெட்ரோல் பேரிங்குகளுக்குள் இறங்க, அவை தண்டைக் கவ்விக்கொண்டன. ஓட்டத்தில் இருந்த தண்டு அப்படியே நின்ற அதிர்ச்சியில், அதைத் தாங்கியிருந்த அலுமினிய உடல் பிளந்துவிட்டது. புதிய வார்ப்பு வந்துசேர ஏப்ரல் 20 ஆயிற்று. அதை வைத்துக் கட்டிய எஞ்சின்தான் அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே மனிதனைப் பறக்கவைத்தது.

பிளந்துபோன அந்த உடலுக்குப் பெயர் கிராங்க்கேஸ். எடை குறைய வேண்டும் என்பதற்காக அதை இரும்பில் வார்க்காமல், சுமார் 8 சதவீதம் செம்பு கலந்த அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். ஃபிராங்க் கெய்ல், மார்த்தா குட்வே ஆகிய இருவரும் 1994இல் ரைட் கிராங்க்கேஸிலிருந்து எடுத்த சிறு துணுக்கை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அலுமினியத்துக்குள் செம்பு மிக நுண்ணிய படிவுகளாகப் பிரிந்து உலோகத்தைக் கெட்டிப்படுத்தியிருந்தது தெரியவந்தது. இப்படிக் கெட்டிப்படுத்தும் முறையை ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் கண்டறிந்தது 1906இல்தான். காரணம் தெரியாமலே பயன் கிடைத்திருக்கிறது.

ரைட் எஞ்சினின் கொள்ளளவு 201 கன அங்குலம். அது தந்தது ஏறத்தாழ 12 குதிரைத்திறன். பிற்காலத்தில் செஸ்னா 150 விமானத்தை ஓட்டிய கான்டினென்டல் ஓ-200 எஞ்சினுக்கும் அதே 201 கன அங்குலம்தான்; ஆனால் 100 குதிரைத்திறன். நம் நாட்டில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1958இல் பறக்கவிட்டு, பின்னர் ஃப்ளையிங் கிளப்புகளுக்குத் தந்த புஷ்பக் விமானத்தில் இருந்ததும் இதே குடும்பத்தின் 90 குதிரைத்திறன் எஞ்சின். அதுவும் 201 கன அங்குலம். ஒரே கொள்ளளவிலிருந்து எட்டு மடங்கு சக்தி எடுக்கப் பல முன்னேற்றங்கள் கைகொடுத்தன. தரமான எரிபொருள், அதிக சுழற்சி வேகம், நல்ல உலோகம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்று உண்டு: உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கணக்கு. எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது கிராங்க்கேஸில் சரிபார்க்கப்படுவது பெரும்பாலும் இந்தக் காலி இடம்தான்.

ஏழு டன் அடி

இன்றைய சிறு விமான எஞ்சின்களில் பெரும்பாலானவை படுத்த வாக்கில் எதிரெதிராக அமைந்த சிலிண்டர்களைக் கொண்டவை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, நடுவே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட். கிராங்க்கேஸ் இரண்டு பாதிகளாக வார்க்கப்படுகிறது. பிரியும் கோடு கிராங்க்‌ஷாஃப்டின் மையத்தின் வழியே மேலிருந்து கீழாகச் செல்லும். தண்டு உட்காரும் ஒவ்வொரு குழியும் பாதி இடப்பக்கத்தில், பாதி வலப்பக்கத்தில் இருக்கும். வால்வுகளை இயக்கும் கேம்‌ஷாஃப்டுக்கும் அப்படியே.

பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் லைகாமிங் நிறுவனம் செய்யும் ஓ-360 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 5.125 அங்குலம், அதாவது பிஸ்டனின் பரப்பு 20 சதுர அங்குலத்துக்குச் சற்று அதிகம். எரிதலின் உச்சத்தில் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மீது விழும் அடி ஏழு டன்னைத் தாண்டுகிறது. நிமிடத்துக்கு 2,700 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் 1,350 முறை வெடிக்கும். நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 90 அடி. இந்த எஞ்சின் வகைகள் பலவற்றுக்கு பிரித்துச் சரிபார்த்துக் கட்டும் வேலையான ஓவர்ஹாலுக்கான இடைவெளி 2,000 மணி நேரம். அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால், அதற்குள் ஒரு சிலிண்டர் மட்டும் 16 கோடி முறை வெடித்திருக்கும்.

இந்த அடி எங்கே போகிறது? வலப்பக்கச் சிலிண்டர் வெடிக்கும்போது, வாயு இரண்டு திசையிலும் தள்ளுகிறது. சிலிண்டரின் தலையை வெளியே தள்ளுவதால், சிலிண்டர் தான் உட்கார்ந்திருக்கும் வலப் பாதியை வலப்பக்கமாக இழுக்கிறது. பிஸ்டனை உள்ளே தள்ளுவதால், கிராங்க்‌ஷாஃப்ட் இடப் பாதியில் உள்ள குழியில் போய் மோதுகிறது. ஆக, ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்கேஸின் இரு பாதிகளையும் பிரித்தெறியப் பார்க்கிறது. பிரியவிடாமல் காப்பவை, ஒரு சிலிண்டரின் அடியிலிருந்து எதிர்ச் சிலிண்டரின் அடிவரை கிராங்க்கேஸை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகள். சிலிண்டரைப் பிடிப்பதும் பேரிங் குழிகளை நெருக்குவதும் அவையே. ஒரே போல்ட்டுக்கு இரண்டு வேலை என்பதை மனதில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல கோளாறுகளின் வேர் அதில் இருக்கிறது.

எண்ணெய் தூக்கிப் பிடிக்கும் தண்டு

சுழலும் தண்டு பேரிங்கைத் தொடுவதில்லை என்பது 1880களில்தான் தெரியவந்தது. ரயில் வண்டி அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்த இங்கிலாந்தின் பீச்சம்ப் டவர், எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங் மீதிருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான். சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே எழும் அழுத்தம் தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. இதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்துத் தந்தார்.

அந்த இடுக்கு இல்லாமல் எண்ணெய்ப் படலம் இல்லை. எனவே எஞ்சினில் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள காலி இடத்தையும் ஓர் உதிரிபாகமாகவே கருத வேண்டும். அதற்கு அளவு உண்டு, தேய்மானம் உண்டு, ஆயுளும் உண்டு. ஓ-360 போன்ற எஞ்சின்களில் இந்த கிளியரன்ஸ், மாடலைப் பொறுத்து, ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து ஐந்தரை தௌ வரை இருக்கும். ஒரு தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ மூன்று தௌ.

இடைவெளி குறைந்தால் எண்ணெய் போதுமான அளவு பாயாது, சூடு சேரும், டேட்டனில் நடந்ததுபோலப் பேரிங் பிடிக்கும். கூடினால் என்ன? குறுகிய இடுக்கின் வழியே பாயும் எண்ணெயின் அளவு, இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது பாய்மவியல் விதி. நான்கு தௌ இடைவெளி ஐந்து தௌ ஆனால், அதே அழுத்தத்தில் கசிவு கிட்டத்தட்ட இரட்டிக்கும். நான்கு எட்டானால் எட்டு மடங்கு. எண்ணெய் முதலில் கிராங்க்கேஸின் உட்குழாய்கள் வழியாக மெயின் பேரிங்குகளுக்கு வந்து, அங்கிருந்து தண்டுக்குள் நுழைந்துதான், பிஸ்டன்களைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்குப் போகிறது. மெயின் பேரிங்கிலேயே பக்கவாட்டில் வழிந்துவிட்டால், அடுத்த வரிசையில் நிற்கும் ராடு பட்டினி கிடக்கும். விமானியின் கண்ணுக்குத் தெரிவது, மீட்டரில் எண்ணெய் அழுத்தம் சற்று இறங்கியிருப்பது மட்டுமே.

இறுக்கிய பிறகே அளவு

ஓவர்ஹாலுக்கு வந்த கிராங்க்கேஸை முதலில் பிரித்துக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எஃகுத் தண்டுக்குக் காந்தத் துகள் சோதனை செய்யலாம். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. ஆகவே கிராங்க்கேஸின் மேல் ஒளிரும் சாயத்தைப் பூசி, துடைத்து, புறஊதா விளக்கின் கீழ் பார்ப்பார்கள். விரிசலுக்குள் இறங்கிய சாயம் கோடாக ஒளிரும்.

அடுத்தது அளவு. இங்கே புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தனித்தனியாகக் கிடக்கும் இரு பாதிகளை எவ்வளவு நல்ல கருவியால் அளந்தாலும் பயனில்லை. பேரிங் குழி என்ற வட்டம் அப்போது உருவாகியிருக்கவே இல்லை. இருப்பது இரண்டு அரைவட்டங்கள். தொழிற்சாலையில் குழிகளைக் கடைந்ததே இரு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில்தான். ஆகவே அளப்பதும் அதே நிலையில்தான் நடக்க வேண்டும். கையேட்டில் சொன்ன வரிசையில், சொன்ன விசையில் போல்ட்டுகளை இறுக்கிய பிறகே, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் உள்ளே போகும்.

முதலில் பேரிங் இல்லாமல் வெற்றுக் குழியை அளப்பார்கள். ஒரே குழியில் பல திசைகளிலும், முன்பின்னாகப் பல இடங்களிலும் அளந்தால்தான் அது வட்டமா நீள்வட்டமா, ஒரு பக்கம் குறுகியிருக்கிறதா என்பது தெரியும். பிறகு பேரிங் ஓடுகளை வைத்து மறுபடி இறுக்கி, உள்விட்டத்தை அளப்பார்கள். தண்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னலை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளப்பார்கள். பேரிங்கின் உள்விட்டத்திலிருந்து ஜர்னலின் விட்டத்தைக் கழித்தால் கிளியரன்ஸ். கழித்தல் எளிது, கழிக்கப்படும் இரு எண்களையும் நம்பத்தக்கவையாகப் பெறுவதில்தான் திறமை இருக்கிறது.

பேரிங் ஓடுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு ஓடும் சரியான அரைவட்டத்தைவிட மிகச் சிறிதளவு உயரமாகச் செய்யப்பட்டிருக்கும். இரு பாதிகளும் நெருங்கும்போது ஓடுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி, ஓடு குழிச் சுவரோடு அழுந்திக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் பேரிங்கை இடத்தில் நிறுத்துகிறது. அது போதாமல் போனால் ஓடு தண்டோடு சேர்ந்து திரும்பும். எண்ணெய் வரும் துளையை ஓடே மூடிவிடும். அதன் பிறகு அந்த எஞ்சினுக்கு மிஞ்சியிருப்பது நிமிடங்கள்தான்.

கேம்‌ஷாஃப்டின் கதை வேறு. லைகாமிங்கில் அதற்குத் தனி பேரிங் ஓடே கிடையாது. அது நேரடியாக அலுமினியக் குழியிலேயே சுழல்கிறது. குழி தேய்ந்தால் ஓடு மாற்றிச் சமாளிக்க வழியில்லை. கிராங்க்கேஸையே சரிசெய்தாக வேண்டும்.

சென்னை வெயிலும் இருபது டிகிரியும்

நீளம் என்பது வெப்பநிலையைச் சொல்லாமல் பொருள்படாது. எந்த வெப்பநிலையில் அளப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்த காலத்தில், 1931இல் சர்வதேச எடை அளவைக் குழு 20 டிகிரி செல்சியஸைப் பொது அளவாக ஏற்றது. இன்றும் பொறியியல் வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் அளவும், வேறு குறிப்பு இல்லாதவரை, 20 டிகிரிக்கு உரியது.

எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு நீளும். அலுமினியம் சுமார் 23 பங்கு; சரியாக இரு மடங்கு. தண்டு எஃகு, அதைச் சூழ்ந்திருக்கும் கிராங்க்கேஸ் அலுமினியம். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெயின் ஜர்னலை, குளிர்சாதனம் இல்லாத சென்னைப் பட்டறையில் 35 டிகிரியில் அளந்தால் என்ன ஆகும்? எஃகு மைக்ரோமீட்டரும் எஃகுத் தண்டும் சேர்ந்தே நீள்வதால் தண்டின் அளவு சரியாகவே தெரியும். கிராங்க்கேஸின் குழியோ 0.01 மில்லிமீட்டர், அதாவது 0.4 தௌ, பெரிதாகத் தெரியும். இல்லாத கிளியரன்ஸ் இருப்பதாகத் தாளில் ஏறும். ஒரு பாகம் வெயிலிலிருந்தும் இன்னொன்று குளிர்ந்த அறையிலிருந்தும் வந்திருந்தால் பிழை இன்னும் கூடும். அதனால்தான் நல்ல பட்டறைகளில் பாகங்களையும் கருவிகளையும் ஒரே அறையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அளக்கிறார்கள்.

இதே கணக்கு எஞ்சின் ஓடும்போதும் நடக்கிறது. தண்டும் கிராங்க்கேஸும் 80 டிகிரியை எட்டினால், இடைவெளி 20 டிகிரியில் இருந்ததைவிட 1.6 தௌ விரியும். வார்ப்பிரும்பு பிளாக் உள்ள கார் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. வார்ப்பிரும்பும் எஃகும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிபவை. எதிர்த் திசையில் பார்த்தால், அலாஸ்காவின் குளிர்காலக் காலையில் மைனஸ் 30 டிகிரியில் அதே இடைவெளி 1.4 தௌ சுருங்கும். ஒன்றரை தௌ வைத்துக் கட்டிய எஞ்சினில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது; எண்ணெயும் கூழாக உறைந்திருக்கும். மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போனால் எஞ்சினைச் சூடேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லி லைகாமிங் அறிவுறுத்துவதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கேஸ்கட் இல்லாத இணைப்பு

இரு பாதிகள் சேரும் முகத்தில் எண்ணெய் கசியாமல் இருக்கக் காகித கேஸ்கட் வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் அதன் தடிமன் அளவுக்கு எல்லாக் குழிகளும் நீள்வட்டமாகிவிடும். ஆகவே உலோகம் உலோகத்தோடு நேரடியாகச் சேர வேண்டும். அதற்குக் கிடைத்த தீர்வு பட்டுநூல். ஒரு பாதியின் விளிம்பில் மெல்லிய பசையைத் தடவி, மெல்லிய பட்டுநூலை போல்ட் துளைகளுக்கு உட்புறமாக ஓடவிட்டு, மறு பாதியை மூடுவார்கள். இறுக்கும்போது நூல் நசுங்கித் தட்டையாகிக் கசிவை அடைக்கும்; இரு முகங்களும் சேருவதைத் தடுக்காது. ஜெட் யுகத்திலும் லைகாமிங், கான்டினென்டல் எஞ்சின்களில் பட்டுநூல் நிலைத்திருக்கிறது.

பசை அளவுக்கு மிஞ்சினால் ஆபத்து. பேரிங் குழிகளை ஒட்டிய முகத்திலோ, சிலிண்டர் அடியிலோ, போல்ட் மரையிலோ பசையும் பெயின்ட்டும் சிக்கினால், எஞ்சின் சூடானதும் அது மெல்ல நசுங்கி வெளியேறும். போல்ட் என்பது உண்மையில் இழுத்து வைத்த ஓர் எஃகு ஸ்பிரிங். அது நீண்டிருக்கும் அளவு மிகச் சிறியது. அடியில் சிக்கிய பெயின்ட் ஒரு தௌ நசுங்கினாலே இழுவிசையில் கணிசமான பங்கு போய்விடும். டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. நாம் போடும் முறுக்கில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வே தின்றுவிடும். மிச்சம்தான் போல்ட்டை இழுக்கும். ஓ-360இல் அரை அங்குல நட்டுகளுக்கு 50 அடி-பவுண்டு என்று கையேடு சொல்லும்போது, கூடவே மரையில் எந்த எண்ணெயைத் தடவ வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். எண்ணெய் மாறினால் அதே 50க்கு வேறு இழுவிசை.

இழுவிசை குறைந்தால், நொடிக்கு 90 முறை விழும் அடியில் இரு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று நுண்ணிய அளவில் உரசத் தொடங்கும். முதலில் அந்த இடம் பளபளக்கும். பிறகு சிறு பள்ளங்கள், உலோகம் ஒட்டிப் பெயர்ந்த தழும்புகள். உரசித் தேய்ந்ததால் இறுக்கம் மேலும் தளரும். தளர்ந்ததால் உரசல் மேலும் கூடும். கிராங்க்கேஸைப் பிரித்தவுடன் அனுபவசாலியின் கண் முதலில் போவது பேரிங் குழிகளை ஒட்டிய அந்த முகங்களுக்குத்தான்.

இதைச் சரிசெய்ய இரு முகங்களையும் சில தௌ அளவுக்குத் தேய்த்துச் சமதளமாக்குவார்கள். தேய்த்தால் குழி வட்டம் இழந்து குறுகும். ஆகவே பாதிகளை மறுபடி இறுக்கி, எல்லாக் குழிகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் அசையும். முகத்தில் எடுத்த அளவுக்கு சிலிண்டர் உட்காரும் தளம் தண்டின் மையத்தை நெருங்கிவிடும். இந்த வேலை எல்லாப் பட்டறைக்கும் உரியதன்று. அதற்கான இயந்திரமும் அங்கீகாரமும் உள்ள சில இடங்களுக்கே கிராங்க்கேஸ்கள் அனுப்பப்படுகின்றன.

இரண்டு வரம்புகள்

உற்பத்தியாளரின் அளவுப் பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, புதிய பாகங்கள் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது. மற்றொன்று, தேய்ந்த பிறகும் எதுவரை அனுமதிக்கலாம் என்பது. அமெரிக்க விமான விதிகளில் ஓவர்ஹால் என்றும் ரீபில்ட் என்றும் இரண்டு சொற்கள் தனித்தனியாக வரையறுக்கப்பட்டிருப்பது இதையொட்டியே. ரீபில்ட் என்றால் பாகங்கள் புதிய பாகத்துக்குரிய அளவிலோ, அனுமதிக்கப்பட்ட கூடுதல் குறைவு அளவிலோ இருந்தாக வேண்டும். அப்படிக் கட்டிய எஞ்சினுக்கு உற்பத்தியாளரோ அவர் அங்கீகரித்த அமைப்போ பூஜ்ஜிய மணியிலிருந்து புதிய பதிவேடு தொடங்கலாம். ஓவர்ஹாலில் அந்தச் சலுகை கிடையாது.

சட்டப்படி கடைசி வரம்பில் நிற்கும் கிராங்க்கேஸும் தேர்ச்சிதான். புது அளவில் இருப்பதும் தேர்ச்சிதான். இரண்டுக்கும் கிடைப்பது ஒரே கையொப்பம். ஆனால் முன்னது அடுத்த 2,000 மணி நேரத்தைத் தொடங்குவதே தேய்மானத்தின் விளிம்பிலிருந்து.

விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களுக்கும், ஓவர்ஹால் முடிந்த எஞ்சினைப் பெற்றுக்கொள்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே. ‘வரம்புக்குள் உள்ளது’ என்ற முத்திரையோடு திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு ஜர்னலுக்கும் அளந்த எண் என்ன, எந்த வெப்பநிலையில், எந்தக் கருவியால் அளந்தது என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே அளந்தால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த எஞ்சினைப் பிரிப்பவருக்கு, எந்த இடம் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தத் தாள் ஒன்றுதான்.